தொட்டிலும் தொழிற்களமும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முதல் சிங்கப்பூரில் ஊழியர் அனைவரும் தத்தம் பணியிடங்களுக்குத் திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்டது. கொவிட்-19 கிருமித்தொற்றின் பொருட்டு ஈராண்டுகளாக நடப்பிலிருந்த கட்டுப்பாடுகளுள் ஒன்று அன்று நீங்கியது. நகர மையத்து இரயில் நிலையங்களில் காலை நேரக் கூட்டம் மீண்டும் தோன்றியது. பலர் மகிழ்ந்தனர். ஆனால், சிறு குழந்தைகளை உடைய பெற்றோர் பலருக்கு அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது. ‘நாம் இருவரும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?’ என்பதே அக்கவலை.

இவ்வினா புதியதன்று. நம் பாட்டிமார் இரப்பர்த் தோட்டத்தில் கேட்ட வினா இது; நம் தாய்மார் தொழிற்சாலை வாயிலில் கேட்ட வினாவும் இதுவே. வேலையின் இடம் மாறிய ஒவ்வொரு காலத்திலும் இவ்வினா எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஏதோ ஒரு விடை காணப்பட்டிருக்கிறது. அவ்விடைகளை யார் கண்டார்கள், யாருடைய தேவைக்காகக் கண்டார்கள் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால், இன்றைய பெற்றோரின் நிலையும் நமக்குத் தெளிவாகும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடே தொழிற்களம்

வாழும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு என்பது மனித வரலாற்றில் அண்மைக் காலப் பழக்கமே. உழவர்க்கு வயல் ஊரை அடுத்தே இருந்தது. குயவர்க்குச் சக்கரம் முற்றத்தில் சுழன்றது. தமிழகத்து நெசவாளர் வீட்டில் தரையைத் தோண்டிக் குழித்தறி அமைத்திருந்தனர். கணவன் தறியில் அமர்ந்து நெய்வான். மனைவி இராட்டையில் தார் சுற்றுவாள். பாவு விரிக்கும் நாளில் குடும்பம் முழுவதும் தெருவில் நிற்கும். குழந்தை அருகிலேயே தூளியில் உறங்கும். இரவில் சிறு விளக்கொளியில் பஞ்சு வேலை செய்யும் பெண்ணைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்தல் என்பது கணினி தந்த புதுமையன்று என்பதற்கு இஃதொன்றே போதுமான சான்றாகும்.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடுதல் தகாது. அவ்வீடுகளில் குழந்தைகளும் உழைத்தனர். கைக்கு எட்டிய வயதிலேயே தார் சுற்றக் கற்ற சிறுமி பள்ளிக்கூடத்தின் வாசலைக் கண்டதில்லை. பெண்ணின் உழைப்புக்குத் தனிக் கூலி இல்லை. பெற்றோர் பிள்ளையின் அருகில் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் பிள்ளைக்கென ஒதுக்கிய நேரம் அவர்களிடம் இருந்ததா என்பது வேறு வினா. அருகில் இருத்தலும் பிள்ளையோடு இருத்தலும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் இது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் 1771ஆம் ஆண்டில் குரோம்ஃபோர்டு என்னும் ஊரில் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கினார். ஆற்று நீரால் இயங்கும் அப்பெரும்பொறியை வீட்டுக்குள் வைக்க இயலாது. பொறி வீட்டுக்கு வர முடியாதபோது மனிதர் பொறியிடம் போக வேண்டியதாயிற்று. ஆலை மணி வாழ்க்கைக்கு நேரம் குறித்தது. குழந்தைகளும் ஆலைக்குள் சென்றனர். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயது நிரம்பாத சிறாரைப் பெரும்பாலான நெசவாலைகளில் அமர்த்தலாகாது எனத் தடுத்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் இளையோர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை என்று வரையறுத்தது. குழந்தை ஆலையினின்று மெல்ல மெல்ல வெளியேறியது நன்மையே. ஆனால் வெளியேறிய குழந்தை எங்கே போவது? தாய் ஆலைக்குள் இருக்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. நாம் தொடக்கத்தில் கேட்ட வினா இங்கேதான் பிறக்கிறது.

ஆயாக் கொட்டகை

மலாயாத் தமிழர் இவ்வினாவைச் சந்தித்த இடம் இரப்பர்த் தோட்டமாகும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போக வேண்டும். ஆண்களோடு பெண்களும் பால் வெட்டினர். ஒருவர் கூலியில் குடும்பம் நடவாது என்னும் நிலையில் கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. 1920களின் பிற்பகுதியில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆணின் கூலியைவிடக் குறைவாயினும், அந்த 40 காசு இல்லாமல் அடுப்பு எரியாது.

எனவே தாய் இருட்டில் எழுந்து, உறங்கும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடந்தாள். அங்கே ஏணைகள் வரிசையாகத் தொங்கும். பால் வெட்ட முடியாத முதிய பெண் ஒருத்தி ஆயாவாக இருப்பாள். ஒருத்தியே பல குழந்தைகளை ஆட்டவும் ஊட்டவும் வேண்டும். குறைகள் பல இருந்தன. ஆயினும் பணியிடத்தோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம் என்று இன்று பெருநகரங்களில் பெருமையுடன் பேசப்படும் ஏற்பாடு, நம் தோட்டப்புறத்தில் மிகப் பழமையானது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

தோட்ட நிருவாகம் இக்கொட்டகையை ஏன் கட்டியது? குழந்தையின் மேலுள்ள அன்பினால் என்று கூற இயலாது. தாயின் கை மரத்துக்குத் தேவைப்பட்டது. அக்கையை விடுவிக்கக் கொட்டகை தேவைப்பட்டது. பின்னர்ச் சட்டமும் உடன் வந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு பணித்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. மலேசியாவில் 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய சட்டத்திலும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்ற விதி இடம்பெற்றது.

சட்டத்தின் கண்ணுக்குப் படாத காப்பாளர் ஒருவரும் தோட்டத்தில் இருந்தார். அவர் மூத்த மகள். ஆயாக் கொட்டகை சரியில்லாத இடத்தில், அல்லது குழந்தை காய்ச்சலில் கிடந்த நாளில், எட்டு வயது அக்காள் பள்ளிக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் சுமந்தாள். ஒரு நாள் இரு நாளாகி, வாரமாகி, அவள் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. ‘பெண் பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றார்கள்?’ என்னும் வினாவுக்குப் பழைய ஆசிரியர்கள் அறிந்த விடைகளுள் இதுவும் ஒன்று. பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்குச் சமுதாயம் ஒழுங்கான விடை தராதபோது, குடும்பத்தில் மிகவும் எளியவர் யாரோ அவர் தம் எதிர்காலத்தைக் கொடுத்து விடை தருகிறார்.

தொழிற்பேட்டையும் அடுக்குமாடியும்

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், 1961ஆம் ஆண்டு பொருளியல் வளர்ச்சிக் கழகமும் தோன்றின. ஜூரோங்கில் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டுத் தொழிற்பேட்டை எழுந்தது. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு அது இடியாக இருந்தது. புதிய வேலைகள் விரைந்து தேவைப்பட்டன. மின்னணுப் பொருள் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் நுண்ணிய வேலைக்கு இளம் பெண்களை விரும்பி அமர்த்தினர். தோ பாயோ போன்ற புதிய குடியிருப்புகளின் ஓரத்திலேயே தொழிற்கூடங்கள் அமைந்தன. இதனால் பெண்கள் வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குச் செல்ல முடிந்தது.

1970ஆம் ஆண்டில் வேலை செய்யும் வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் தொழிலாளர் அணியில் இருந்தனர். 1980இல் அவ்வெண் ஏறத்தாழ 44 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் சிறியதன்று. அதே காலத்தில் கம்பங்களிலும் கடைவீட்டு அறைகளிலும் கூட்டாக வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். அத்தையும் பெரியம்மாவும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் போய், அவர்கள் வேறு வட்டாரங்களில் குடியேறினர். தாய் வெளியே போகத் தொடங்கிய அதே நேரத்தில் உதவிக்கு இருந்த கைகளும் விலகிப் போயின.

அப்பொழுது காணப்பட்ட விடைகளையும் நோக்குவோம். 1977ஆம் ஆண்டு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சமூக விவகார அமைச்சு நடத்திவந்த குழந்தைக் காப்பகங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1978இல் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்களை அமர்த்திக்கொள்ளும் திட்டம் வந்தது. 1988இல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கான தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இவை யாவும் நற்பயன் விளைத்தவை. ஆயினும் இவற்றின் காலத்தைக் கவனித்தால், தோட்டத்தில் கண்ட அதே ஒழுங்கு இங்கும் தெரிகிறது. முதலில் வேலை தாயை அழைக்கிறது. அதன் பின்னரே குழந்தைக்கு ஏற்பாடு தேடப்படுகிறது. அன்றியும், நம் வீட்டுக் குழந்தையைப் பார்க்க வரும் பணிப்பெண் பெரும்பாலும் தன் ஊரில் ஒரு குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வருகிறாள். வினா தீர்ந்துவிடவில்லை, கடலைக் கடந்து வேறொரு வீட்டுக்குச் சென்றுவிட்டது.

தொலைவேலை

பொறி வீட்டுக்கு வர முடியாததால் மனிதர் ஆலைக்குப் போனார்கள் எனக் கண்டோம். தொலைபேசியும் கணினியும் இணைந்தபோது அந்நிலை மாறத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் நில்ஸ் என்னும் அறிஞர், ஊழியர் வேலையிடம் தேடிச் செல்வதற்கு மாறாக வேலையை ஊழியரிடம் அனுப்பலாம் என்னும் கருத்தை ஆராய்ந்து, அதற்கு ஒரு பெயரும் இட்டார். அதனை நாம் இன்று தொலைவேலை என்கிறோம். அவர் ஆய்வு 1976இல் நூலாக வந்தது. அவருடைய முதன்மையான நோக்கம் சாலை நெரிசலையும் எரிபொருள் செலவையும் குறைப்பதே. அவர் முதலில் ஆய்ந்த ஏற்பாட்டிலும் ஊழியர்கள் தம் வீட்டுக்கு அருகிலிருந்த கிளை அலுவலகங்களுக்கே சென்றனர். குழந்தை வளர்ப்பு அத்திட்டத்தின் தொடக்கமாக இருக்கவில்லை. தொலைவேலையும் வேலையின் தேவையிலிருந்தே பிறந்தது.

அதன் பின் பல்லாண்டுகள் அஃது ஒரு சிலர்க்கே உரியதாக இருந்தது. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூரில் மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கின. பிள்ளைகள் வீட்டில், பெற்றோர் வேலையில் என்னும் நிலையில், பாட்டன் பாட்டிமாரே காவலராயினர். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த நோய் இருவரையும் ஒரே வீட்டில் அடைத்தது.

கதவு மூடிய காலம்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 3 அன்று பிரதமர் லீ சியன் லூங் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டத்தை அறிவித்தார். ஏப்ரல் 7 முதல் இன்றியமையாச் சேவைகள் தவிர்ந்த ஏனைய பணியிடங்கள் மூடப்பட்டன. மறுநாள் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. பாலர் பள்ளிகளும் மாணவர் பராமரிப்பு நிலையங்களும் பொதுச் சேவையை நிறுத்தி, வேறு வழியற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டுமே கதவைத் திறந்தன. ஜூன் முதல் நாள் வரை இந்நிலை நீடித்தது.

மூவறை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சாப்பாட்டு மேசையின் ஒரு புறம் தந்தை அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார். மறுபுறம் மூன்றாம் வகுப்பு மகன் ஆசிரியர் அனுப்பிய கணக்கைப் போடுகிறான். படுக்கையறைக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து தாய் மடிக்கணினியில் அறிக்கை தயாரிக்கிறாள்; ஈராண்டு வயதுப் பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. இக்குடும்பம் கற்பனையாயினும், இதனை ஒத்த காட்சியை நம்முள் பலர் கண்டவர்களே.

நாம் முன்னர்க் குறித்த வேறுபாடு இங்கே மீண்டும் தோன்றுகிறது. பெற்றோர் வீட்டில் இருந்தனர். ஆனால் பிள்ளையோடு இருந்தனர் என்று கூறிவிட இயலாது. ‘அம்மா வீட்டில் இருக்கிறாள், ஆனால் என்னிடம் பேசமாட்டாள்’ என்பது சிறு குழந்தைக்கு விளங்காத புதிர். நெசவாளர் குடியில் குழந்தை தாயின் வேலையைக் கண்ணால் கண்டது. தறி ஓடினால் வேலை நடக்கிறது என்று அறிந்தது. கண்ணாடித் திரையை உற்று நோக்கும் தாய் என்ன செய்கிறாள் என்பது அதற்குத் தெரியாது.

எனினும் நன்மையும் உண்டு. நெடும்பயணம் இல்லாத காலையில் குடும்பம் சேர்ந்து பசியாறியது. இதுவரை பிள்ளை உறங்கிய பிறகே வீடு திரும்பிய தந்தையர் சிலர், பிள்ளை பகலில் என்ன உண்கிறது, எப்பொழுது அழுகிறது, எந்த எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறது என்பதை முதன்முறையாக அறிந்தனர். வீட்டு வேலையின் அளவு இன்னதென்று அவர்கள் கண்டனர். வேலைத்தலத்து மேலாளர்களும், கூட்டத்தின் நடுவே ஒரு குழந்தையின் அழுகுரலைக் கேட்டனர். அலுவலக வாழ்வில் அதுவரை மறைந்திருந்த குழந்தை வெளிப்பட்டது. இக்காலத்தின் மிகப் பெரிய மாற்றம் இதுவென்றே கருதலாம்.

இவ்வாய்ப்பு எல்லார்க்கும் வாய்த்ததன்று என்பதையும் மறத்தலாகாது. தாதியர், பேருந்து ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், காவலர் ஆகியோர்க்குத் தொலைவேலை என்பதே இல்லை. அவர்கள் நோய் அச்சத்தோடு வெளியே சென்றனர். பிள்ளைகளை யாரிடமேனும் விட்டே சென்றனர். ஆசிரியர்களின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. திரையின் வழியே பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது அவர்தம் பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்தனர். 2020 ஜூன் 2 முதல் பள்ளிகள் படிப்படியாகத் திறந்து, ஜூன் 29 முதல் எல்லா வகுப்புகளும் நாள்தோறும் நடந்தபோது, அலுவலக ஊழியர்க்கு நெடுநாள் முன்னரே ஆசிரியர்கள் தம் பணியிடம் திரும்பிவிட்டனர். தமிழகத்தில் மனைவி மக்களை விட்டு இங்கே கட்டுமானத் தளங்களில் உழைக்கும் நம் தோழர்களோ, குடும்பத்தை உடன் அழைத்துவர அனுமதி இல்லாதவர்கள். அவர்கட்குக் கைப்பேசித் திரையே இன்றுவரை இல்லம்.

திரும்பும் வழி

பணியிடத்துக்குத் திரும்புதல் ஒரே நாளில் நிகழவில்லை. 2020 செப்டம்பர் 28 முதல், வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியோர் தம் நேரத்தில் பாதி அளவு அலுவலகம் செல்லலாம் எனத் தளர்த்தப்பட்டது. 2021 ஏப்ரல் 5 முதல் அத்தகையோருள் 75 விழுக்காட்டினர் வரை ஒரே நேரத்தில் பணியிடத்தில் இருக்கலாம் என்றாயிற்று. மே மாதம் நோய் மீண்டும் பெருகவே, வீட்டிலிருந்து வேலை மீண்டும் கட்டாயமாயிற்று. பள்ளிகளும் அம்மாதம் 19 முதல் சில நாள்கள் வீட்டிலிருந்து கற்றலுக்குச் சென்றன. 2022 ஜனவரி முதல் நாளில் 50 விழுக்காடு, மார்ச் 29இல் 75 விழுக்காடு, ஏப்ரல் 26இல் அனைவரும் என்று படி ஏறியது. மலேசியாவும் 2022 ஏப்ரல் முதல் நாள் எல்லைகளைத் திறந்து, தொற்றோடு வாழும் நிலைக்கு மாறியது.

இவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்த விதிகள் பெற்றோரைப் பெரிதும் அலைக்கழித்தன. மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் பதிவதா, விடுவதா? பணிப்பெண்ணை அமர்த்துவதா, பொறுப்பதா? இன்று ஒரு விடை சரியாக இருந்தால் அடுத்த மாதம் தவறாகிவிடும். 2020ஐ ஒட்டிப் பிறந்த குழந்தைகளின் நிலை தனி. தாயும் தந்தையும் நாள்தோறும் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள் என்பதையே அவர்கள் அறியாதவர்கள். அலுவலகப் பையைத் தோளில் மாட்டுவதைக் கண்டதும் அழத் தொடங்கிய குழந்தைகளைப் பெற்றோர் பலர் கண்டனர். பாலர் பள்ளி வாயிலில் குழந்தையின் விரல்களைத் தம் கையினின்று பிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இரயிலேறியவர்களுக்கு அன்றைய அலுவலகக் கூட்டம் செவியில் ஏறியிருக்குமா?

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கோ பிற்பகல் வெறுமையாயிற்று. தொடக்கப்பள்ளி ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு முடிகிறது. பெற்றோர் வீடு சேர ஏழு மணி ஆகிறது. இடைப்பட்ட ஐந்தரை மணி நேரம் யாருடையது? ஆயாக் கொட்டகைக் காலம் முதல் நாம் கேட்டுவரும் வினா, இன்று இந்த ஐந்தரை மணி நேரத்தின் வடிவில் நிற்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. மொழி பாடநூலில் கற்கப்படுகிறது. ஆனால் பேச்சில் வாழ்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழியாகக் கூறினர். 2020இல் அஃது ஏறத்தாழ 28 ஆகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல. பெற்றோரின் வேலை நேரம் ஒன்றே காரணம் என்பது பிழையாகும். ஆயினும், தாயோ தந்தையோ பிள்ளையோடு அமர்ந்து பேச நேரமில்லாத வீட்டில் எந்தத் தாய்மொழியும் தழைக்காது என்பது உறுதி. வீட்டிலிருந்து வேலை செய்த காலத்திலும், வேலையின் ஆங்கிலமே வீட்டை நிறைத்திருந்தால் தமிழுக்குப் பயன் இல்லை. தேவைப்படுவது வீட்டில் கழியும் நேரம் மட்டுமன்று. பிள்ளைக்கென்று ஒதுங்கிய நேரம்.

கேட்கும் உரிமை

பெற்றோரின் கவலை இம்முறை ஆவணமாகவும் வடிவெடுத்தது. மலேசியாவில் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் விடை தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கு 7 நாள் விடுப்பு கிடைத்தது.

சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றிய முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் 2024 ஏப்ரலில் வெளியிடப்பட்டு, டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தன. எழுத்து மூலம் வரும் விண்ணப்பத்தை நிறுவனம் முறையாக ஆராய்ந்து இரண்டு மாதத்துக்குள் விடை கூற வேண்டும். செலவு, உற்பத்தித் திறன், நடைமுறைச் சாத்தியம் போன்ற தொழிற்காரணங்களால் மறுக்கலாம்; மறுப்பின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தந்தையர்க்கு நான்கு வார விடுப்பு கட்டாயமாயிற்று. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் அதனோடு சேர்ந்தது.

இவை கேட்கும் உரிமையைத் தருகின்றனவேயன்றிப் பெறும் உரிமையைத் தரவில்லை என்று கூறுவோர் உளர். அஃது உண்மையே. நிறுவனங்களுக்கும் தம் தரப்பு நியாயம் உண்டு. புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூத்தோர் அருகிலிருந்து கற்க வேண்டியவை பல. கூடி வேலை செய்தால் விரைந்து முடிபவை சில. ஆயினும் வரலாற்றை நோக்கின், கேட்கும் உரிமையும் சிறியதன்று எனத் தெரியும். தோட்டத்துத் தாய் பிரட்டில் நின்று, ‘ஐயா, இன்று பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன்’ என்று கேட்கத் துணிந்தாளா? கேட்டால் அன்றைய பெயர் போயிற்று. இன்றைய ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். கேட்டவர்க்கு விடை கூறியாக வேண்டும்.

ஆனால் ஓர் இடர் உண்டு. கேட்பவர் தாயாக மட்டும் இருந்தால், வீட்டிலிருந்து வேலை செய்தல் பெண்ணுக்குரிய சலுகை என்றாகிவிடும். அலுவலகத்தில் காணப்படுவோர்க்குப் பதவி உயர்வும், காணப்படாதோர்க்கு மறதியும் கிட்டும். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கணக்கு வேறு பெயரில் திரும்பி வரும். தந்தையரும் தயங்காது கேட்டால்தான் இக்கணக்கு மாறும். கதவு மூடிய காலத்தில் பிள்ளையை அறிந்த தந்தையர் அவ்வறிவை அலுவலகப் படியில் இறக்கி வைத்துவிடலாகாது.

வரலாறு கூறும் பாடம்

நாம் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். வீடும் வேலையும் ஒன்றாயிருந்தன. ஆலை அவற்றைப் பிரித்தது. தோட்டமும் தொழிற்பேட்டையும் அப்பிரிவை நம் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் வேலையின் தேவையே முதலில் பேசியது. குழந்தையின் தேவை பின்னால் நின்றது. ஆயாவும், மூத்த மகளும், பாட்டியும், பணிப்பெண்ணும் அந்த இடைவெளியைத் தம் உழைப்பால் நிரப்பினர். நோய் வந்து வீட்டையும் வேலையையும் மீண்டும் ஒன்றாக்கியபோது, அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

தெரிந்ததை மறந்துவிடாதிருத்தலே இப்பொழுது நம் கடமை. அலுவலகத்துக்குத் திரும்புதல் தவறன்று. ஒன்றும் நிகழாதது போலத் திரும்புதலே தவறு. வேலை நேரம் வகுக்கும் மேசையில் இனிக் குழந்தைக்கும் ஓரிடம் வேண்டும். நோயின் கட்டாயத்தால் நாம் கண்ட உண்மையை, நோய் இல்லாத காலத்தில் விருப்பத்தால் ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் ஒரு வினா கேட்கட்டும்: ‘நீங்கள் வேலைக்குப் போனபோது அம்மாவை யார் பார்த்தார்கள்?’ அவ்விடையை எழுதி வைக்கட்டும். ஒரு வீட்டின் விடை ஒரு குடும்பக் கதையாக இருக்கும். ஒரு வகுப்பின் விடைகள் சேர்ந்தால் அது நம் சமுதாய வரலாறாகும்.